திருத்தப்பட்ட அறிவிப்பு

மோட்டாரை எரித்தவன் நான். பழி வாட்ச்மேன் மேல் விழுந்தது. போன ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் எழுந்துபோய் அதைச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்தும் போனேன். மைக்கையும் பிடித்தேன். வாயைத் திறந்தால் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று வந்தது. வந்திருந்த இருபது பேரும் சிரித்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. பாதி வீட்டுக்காரர்கள் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்ததால் வாட்ச்மேன் விஷயம் ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த ஒரு வாரமும் முடிந்துவிட்டது. மறுபடி ஞாயிறு, மறுபடி அதே கார் நிறுத்துமிடம், அதே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. இன்றைக்கு நாலு தீர்மானம். நாலாவது அவனை வேலையை விட்டு நீக்குவது. இப்போது முதலாவது ஓடிக்கொண்டிருக்கிறது, மேல்தொட்டியைக் கழுவுவது பற்றி. தொட்டியைக் கழுவ ஒரு தீர்மானம். கழுவ வேண்டியதுதானே. யார் வேண்டாம் என்கிறார்கள். செயலாளர் பாலகுருநாதனுக்கு மைக் கிடைத்தால் போதும், தொட்டியின் வரலாற்றையே சொல்வார். சொல்லட்டும். நீட்டட்டும். இல்லை, சீக்கிரம் முடிக்கட்டும். எது நல்லது என்று தெரியவில்லை. கையை மூக்கருகே கொண்டுபோகிறேன். பதினோரு நாளாக இதே பழக்கம். சோப்பு வாசம்தான் அடிக்கிறது. ஆனாலும் அடியில் ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது.

முதல் வரிசையில் என்னை உட்காரவைத்தது யார்? அவன்தான். நாற்காலி போடுவது வாட்ச்மேன் வேலை. நான் கடைசி வரிசையைப் பார்த்துப் போனேன். "சார், இங்க உக்காருங்க, காத்து வரும்" என்று கையைக் காட்டினான். காற்றும் இல்லை ஒன்றும் இல்லை. இடதுபக்கம் மூன்றடியில் மோட்டார் அறைக் கதவு. அதற்கு நேராக நாற்காலியைப் போட்டிருக்கிறான். தற்செயலா? நாலு வருஷமாக அவன் தற்செயலாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. கேட்டுக்குக் கொண்டி போடும்போதுகூட இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பான். அப்படியானால் தெரிந்திருக்கிறது. தெரிந்தால் ஏன் சொல்லவில்லை? தானாக எழுந்துபோய் மறுபடி உளறட்டும் என்று காத்திருக்கிறானா? போன வாரம் அத்தனை பேரும் சிரித்தபோது அவன் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். நான் அந்த வார்த்தைகளைச் சொன்னதும் சட்டென்று தலையைத் தூக்கினான். என்னைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு மறுபடி ஸ்பீக்கரை. வேலை போகப்போகிறவன் சிரிக்காததில் ஆச்சரியமில்லை. ஆனால் அது வேலை போகிறவன் பார்வை இல்லை. எதையோ கண்டுபிடித்தவன் பார்வை. ஒரு வாரமாக அந்தப் பார்வையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

சங்கரா மீன் குழம்பு. புதன்கிழமை மதியம் இரண்டு மணி. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் குழாயைத் திறந்தால் 'புஸ்' என்றது, நின்றுவிட்டது. ரோஸ்லின் உள்ளே படுத்துவிட்டாள். எழுப்பினால் குடத்தில் மொண்டு ஊற்றுவாள். எழுப்பவில்லை. எனக்குப் பொறுக்காது. வண்டி ஒரு நிமிஷம் தாமதமானாலும் எனக்குக் கால் ஆடும். கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். கட்டிடமே தூங்கிக்கொண்டிருந்தது. கேட்டில் வாட்ச்மேன் இல்லை. காலையிலேயே சொல்லியிருந்தான், "சம்ப்புல தண்ணி இல்ல சார், ரெண்டரைக்கு லாரி வருது, அதுவரைக்கும் யாரும் மோட்டார் போட்டுடாதீங்க." சொன்னது காதில் விழுந்தது. விழுந்ததுதான், தங்கவில்லை. அறிவிக்கிறவனுக்கு மற்றவன் அறிவிப்பு ஏறாது. மோட்டார் அறையைத் திறந்தேன், ஸ்விட்சைத் தட்டினேன், மோட்டார் உறுமியது, மேலே போய் நாற்காலியில் சாய்ந்தேன். குழாயை மட்டும் திறந்து வைத்துவிட்டு, தண்ணீர் வரும் சத்தம் கேட்டால் எழுந்து கழுவிக்கொள்ளலாம் என்று. அப்படியே கண் அசந்துவிட்டேன். சத்தம் வரவில்லை. புகைதான் வந்தது. கீழே கூச்சல். முதலில் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தது கீழ்வீட்டுக் கனகவல்லி டீச்சர். தண்ணீரில்லாத கீழ்த்தொட்டியில் முக்கால் மணி நேரம் ஓடி உள்ளே கம்பிச்சுருள் கருகிவிட்டது. நாற்பத்திரண்டு வீட்டுக்கு மூன்று நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. வாட்ச்மேன் எங்கே போனான்? நேரமாகியும் வராத லாரிக்காரனுக்குச் சந்து தெரியாது என்று தெருமுனையில் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தான். "மோட்டாரைப் போட்டுட்டு ஊர் சுத்தப் போயிட்டான்" என்றார் செயலாளர். "நான் மோட்டாரே போடல சார்." "அப்ப யாரு போட்டா, பேயா?" அப்போது டீச்சர் சொன்னாள், "ஸ்விட்ச்சு பிசுபிசுன்னு இருந்துது. கருகின நாத்தத்தோட மீன் நாத்தமும் சேந்து அடிச்சுது." எல்லோரும் அவன் தூக்குவாளியைப் பார்த்தார்கள். "எலுமிச்ச சோறுங்க இன்னிக்கு" என்றான். செயலாளர் மூடியைத் திறந்தார். காலி. "கழுவி வச்சுட்டுப் பேசறான் பாருங்க" என்றார். தண்ணீரே இல்லாத அன்று எதில் கழுவினான்? துடைத்துச் சாப்பிட்டிருந்தான், அவ்வளவுதான். ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இரண்டாவது தீர்மானம்" என்கிறார் செயலாளர். பி பிளாக் நாய். நாய்க்காரர் எழுந்திருக்கிறார், என்னமாய்ப் பேசுகிறார், கை ஆட்டுகிறார், நாய்க்கும் உரிமை உண்டாம். இவருக்கு நாக்கு ஒட்டாதா? எனக்கு மட்டும் ஏன்? முப்பத்தொரு வருஷம் ரயில் ஜங்ஷனில் மைக்கில் பேசினவன். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் என் வாயைக் கேட்டு ஓடியிருப்பார்கள். ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை. பத்துக்கு எட்டு அறை, ஒரு மேஜை, ஒரு கடிகாரம், எதிரே சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். சின்ன ஜன்னல் ஒன்று பிளாட்பாரத்தைப் பார்த்து இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே அதில் பேப்பர் ஒட்டிவிட்டேன். வெயில் என்று சொன்னேன். வெயில் இல்லை, மூஞ்சி. அறிவிக்கிறபோது ஒருத்தன் அண்ணாந்து பார்த்தால் எனக்கு வண்டி எண் மறந்துவிடும். மூஞ்சி இல்லாத இடத்தில் நான் ராஜா. ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டு மைக்கைக் கொடுத்தார்கள். "நன்றி" என்றேன். "இன்னும் ரெண்டு வார்த்தை பேசுங்க தேவசகாயம்" என்றார்கள். "ரொம்ப நன்றி" என்றேன். கணக்குக்கு ரெண்டு வார்த்தை ஆயிற்று. ஒருதரம் தப்பாகவும் அறிவித்திருக்கிறேன். ஐந்தாம் பிளாட்பாரத்துக்கு மூன்று என்று சொல்லிவிட்டேன். தாளைப் பார்த்ததும் தெரிந்தது. உடனே பொத்தானை அழுத்தி "திருத்தப்பட்ட அறிவிப்பு" என்று ஆரம்பித்து மாற்றிச் சொன்னேன். சுவருக்கு அப்பால் நூற்றுக்கணக்கான கால்கள் திரும்பி ஓடும் சத்தம், மழை திசை மாறினாற்போல. வெட்கமாகக்கூட இல்லை. தப்பென்றால் ஒரு நிமிஷத்துக்குள் திருத்த வேண்டும், வேலையில் அதுதான் முறை. இதற்குப் பதினோரு நாள் ஆகிறது. நாய்க்காரர் உட்கார்ந்துவிட்டார். கைதட்டுகிறார்கள். நாய்க்குத் தட்டுகிறார்களா அவருக்கா தெரியவில்லை.

செய்யாத வித்தை இல்லை. ரோஸ்லினுக்குத் தெரியும். குழம்பு வைத்தவளே அவள்தானே, மீன் என்று டீச்சர் சொன்ன வினாடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, "நான் போய்ச் சொல்ல மாட்டேங்க. நீங்கதான் சொல்லணும்" என்றாள். அத்தோடு சரி. மீனும் வாங்கவில்லை. கண்ணாடி முன் நின்று பேசிப் பழகச் சொல்கிறார்களே, பழகினேன். கண்ணாடியில் இருந்த கிழவன் நான் சொல்வதை நம்புகிற மாதிரித் தெரியவில்லை. எனக்கும் அவன்மேல் நம்பிக்கை வரவில்லை. முன்னால் இருப்பவர்களை முட்டைக்கோஸ் என்று நினைத்துக்கொள் என்று மச்சினன் போனில் சொன்னான். முட்டைக்கோஸ் ஏன் என்னை முறைக்கிறது? மூச்சை எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை தப்பியது. செவ்வாய்க்கிழமை செயலாளர் வீட்டுக்கே போனேன். "எதுவா இருந்தாலும் கூட்டத்துல மைக்ல சொல்லுங்க சார். வாசல்ல வச்சு நான் எதையும் கேட்டுக்கறதில்ல" என்று கதவைப் பாதி திறந்தபடி சொன்னார். போன வருஷம் வாசலில் வைத்து ஆளாளுக்கு ஒன்று சொல்லிச் சண்டை மூண்டதிலிருந்து அப்படி ஒரு விதி. விதியா, சாக்கா? வாட்ச்மேன் போனால் ஏஜென்சி ஆட்களைப் போடலாம் என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். ஏஜென்சி யாருடையது? அவர் சொந்தக்காரன் எவனாவது இருப்பான். கடுதாசி எழுதிக் கொடுக்கலாம் என்றும் எழுதினேன். சட்டைப்பையில் இருக்கிறது. கொடுக்கமாட்டேன். மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, சார் ஏதோ உடம்புக்கு முடியாமல் எழுதியிருக்கிறார் என்பார். என் வாயால் வந்தால்தான் அது மறைக்க முடியாதது.

"மூன்றாவது." வெளியாள் வண்டிகள். நாக்கு இப்போதே மேலண்ணத்தில் ஒட்டுகிறது. உள்ளங்கை நனைந்து வேட்டியில் துடைக்கிறேன். முதுகில் ஒரு துளி மெதுவாக இறங்குகிறது, ஒவ்வொரு எலும்பாக நின்று நின்று, பாசஞ்சர் வண்டி மாதிரி. பக்கத்து நாற்காலியிலிருந்து கனகவல்லி டீச்சர் சாய்ந்து கேட்கிறாள், "இன்னிக்காவது வண்டி கெளம்புமா சார்?" "சிக்னல் விழல" என்கிறேன். சிரிக்கிறாள். எதற்குச் சிரிக்கிறாள்? மோப்பம் பிடித்தவள் அவள். இந்தக் கட்டிடத்தில் புதன்கிழமை மீன் வாங்குகிற வீடு எத்தனை என்று அவளுக்குத் தெரியாதா? மாடிப்படியில் ஏறும்போது என் வீட்டு வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டுதானே ஏறுவாள். எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், வேடிக்கை பார்க்க. யாரோ தோளுக்குப் பக்கத்தில் குனிகிறார்கள். அவன். தண்ணீர் பாட்டில். "குடிங்க சார், வெயிலா இருக்கு." ஏன் எனக்கு மட்டும்? செயலாளருக்குக் கொடுக்கவில்லை. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. வாங்குகிறேன். குடிக்கிறேன். தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கும். அவன் நகரவில்லை. "அவசரமில்ல சார்" என்கிறான் மெல்ல. எது அவசரமில்லை? அவனுக்குத்தான் அவசரம். அரைமணி நேரத்தில் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுக்கப்போகிறவன். இவன் என்னிடம் இரக்கப்படுகிறானா, என்னைக் குத்திக்காட்டுகிறானா? இரண்டில் எது என்று தெரிந்தால் கோபப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

"நாலாவது தீர்மானம். கவனக்குறைவால் சங்கத்தின் மோட்டாரை எரித்த வாட்ச்மேனை இன்று முதல் வேலையிலிருந்து நீக்குவது. யாராவது பேசணும்னா முன்னாடி வந்து மைக்ல பேசலாம். இல்லைன்னா கை தூக்கிடலாம்." எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் தெரியவில்லை, முட்டி தானாக நிமிர்ந்துவிட்டது. பின்னால் ஒரு கிசுகிசு, "ரயில் வருது, ரயில் வருது." ஐந்தடி. மைக்கைப் பிடிக்கிறேன், கம்பி கை ஈரத்தில் வழுக்குகிறது. திரும்புகிறேன். திரும்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்புகிறேன். மூஞ்சிகள். எண்பது கண். மூக்குக்கண்ணாடிகள் வேறு. ரோஸ்லின் மட்டும் தரையைப் பார்க்கிறாள். மோட்டாரை, மோட்டாரை நான், நான்தான் அந்த, வாய் திறக்கிறது, அது என் வாய் இல்லை, "பயணிகளின்" என்கிறது. சிரிப்பு ஆரம்பிக்கிறது. முன்னே வருகிற அலை கண்ணுக்குத் தெரிகிறது. செயலாளர் கையை நீட்டுகிறார், "பரவால்ல சார், உக்காருங்க, உக்காருங்க." உட்காரப்போகிறேன். உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. அப்போது ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம், மைக் என் கையிலிருந்து போய்விட்டது. வாட்ச்மேன் பிடுங்கியிருக்கிறான். "கரகரங்குது சார், வயர்ல ஏதோ கோளாறு, ஒரு நிமிசம்" என்று கூட்டத்துக்குச் சொல்கிறான். ஒரு கையில் மைக், இன்னொரு கையில் என் முழங்கை. மோட்டார் அறைக் கதவைக் காலால் தள்ளுகிறான். வயர் நீளமானது, நாற்காலிக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கிறான், காலையிலேயே வைத்திருக்கிறான், இப்போதுதான் பார்க்கிறேன். என்னை உள்ளே விடுகிறான். "உள்ள நின்னு பேசுங்க சார். செவுத்தப் பாத்துக்கங்க. நாங்க ஸ்பீக்கர்ல கேட்டுக்கறோம்." கதவைச் சாத்திவிட்டான்.

குளிர்ச்சி. இருட்டு இல்லை, மேலே ஒரு துவாரம், அதில் வெளிச்சம். புது மோட்டார், பச்சைப் பெயிண்ட். அதற்கு மேலே அதே ஸ்விட்ச். எதிரே சுவர். சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது. பொறியா இது? செய்த இடத்திலேயே நிறுத்தியிருக்கிறான். அப்படியானால் நிச்சயம் தெரியும். தெரிந்துதான் நிறுத்தியிருக்கிறான். நிறுத்தட்டும். இங்கே மூஞ்சி இல்லை. பத்துக்கு எட்டுகூட இருக்காது. கட்டைவிரல் தானாகப் போய் மைக்கின் பொத்தானைத் தேடுகிறது, தள்ளுகிறது. தொண்டை ஒருதரம் கனைத்துக்கொள்கிறது, என்னைக் கேட்காமலே, முப்பத்தொரு வருஷப் பழக்கம். "குடியிருப்போர் கனிவான கவனத்திற்கு. திருத்தப்பட்ட அறிவிப்பு." வெளியே சத்தம் நின்றது. என் குரல் ஸ்பீக்கர் வழியாகப் போய்த் தூண்களில் மோதித் திரும்பி வருகிறது. யாருடைய குரலோ மாதிரி இருக்கிறது. நல்ல குரல். "பதினோரு நாட்களுக்கு முன், புதன்கிழமை அன்று மதியம் இரண்டு மணி அளவில் மோட்டாரை இயக்கியவர், சி பிளாக் மூன்றாம் மாடியில் வசிக்கும் தேவசகாயம். தொட்டியில் தண்ணீர் இல்லை என்று அன்று காலையே அவரிடம் அறிவிக்கப்பட்டிருந்தது. அவர் கேட்கவில்லை. ஸ்விட்சில் இருந்த மீன் வாசம் அவர் கையினுடையது. போன வாரமே சொல்லியிருக்க வேண்டும். தாமதத்திற்கு வருந்துகிறோம்." வருந்துகிறோம் என்று வந்துவிட்டது. "வருந்துகிறேன்" என்று திருத்தினேன். "ஆகவே இந்தத் தவறுக்கும் வாட்ச்மேன்" என்றேன், நின்றுவிட்டது. வாட்ச்மேன் என்ன? அறிவிப்பில் பெயர் வேண்டும். பெயர் இல்லாமல் எந்த வண்டியையும் நான் அனுப்பியதில்லை. நாலு வருஷமாகக் கேட்டைத் திறக்கிறவன். கட்டைவிரலால் பொத்தானைத் தள்ளிவிட்டுக் கதவைப் பார்த்துக் கத்தினேன், "யோவ், உம் பேரு என்னய்யா?" பொத்தான் இறங்கவில்லை போலிருக்கிறது. மொத்தக் கார் நிறுத்துமிடத்திலும் அது முழங்கியது. வெளியே குபீரென்று சிரித்தார்கள். கதவிடுக்கில் அவன் பதில் சொன்னான். நான் அதை மைக்கில் சொன்னேன், ஊரோடு சேர்த்து, நிறுத்தி நிதானமாக, இரண்டு முறை, எப்போதும் சொல்வதுபோல. "இவருக்கும் இந்தத் தவறுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று முடித்தேன்.

நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. பிறகு டீச்சரின் குரல், கதவுக்கு வெளியிலிருந்து, "என்ன மீன் சார்?" மைக்கிலேயே சொன்னேன், "சங்கரா." மறுபடி சிரிப்பு. இந்தத் தரம் அது என்னைத் தள்ளவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். எண்பது கண்ணும் அங்கேயேதான் இருந்தன. இருந்துவிட்டுப் போகட்டும். செயலாளர் முகம் தொங்கிப்போயிருந்தது. ஏஜென்சி போன வருத்தமாக இருக்கும், அல்லது மைக்கை நான் வைத்திருந்த வருத்தமாக இருக்கும். நாலாவது தீர்மானம் கைவிடப்படுகிறது என்று எழுந்து நின்று சொன்னார். ரோஸ்லின் தலையை நிமிர்த்திப் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கிட்டே போனேன். "உனக்குத் தெரியும்." "தெரியுங்க சார்." "எப்பலேர்ந்து?" "அன்னிக்கு எல்லாரும் என் தூக்குவாளியப் பாத்தாங்க, நீங்க ஒருத்தர்தான் பாக்கல." "ஏன்யா சொல்லல?" வயரை முழங்கையில் மாட்டி இன்னொரு சுற்றுச் சுற்றினான். "நான் சொல்லி யாரு சார் நம்புவாங்க? நீங்க சொன்னாத்தான." "மோட்டார் ரூம்ல ஏன் விட்ட? குத்திக்காட்டவா?" நிமிர்ந்தான். உண்மையாகவே புரியாதவன் மாதிரிப் பார்த்தான். "ஐயோ, இல்ல சார். ரயில்வே லைன்ல கான்ட்ராக்ட் வேல பாத்தப்ப பத்து வருசம் உங்க ஜங்ஷன்லதான் வண்டி மாறுவேன். உங்க சத்தத்தக் கேட்டுத்தான் ஏறுவேன், எனக்குப் போர்டு படிக்க வராது. ஒருநாளும் தப்பு வண்டி ஏறினதில்ல. அந்தக் கொரலுக்கு மூஞ்சி கெடையாது சார். போன வாரம் ஸ்பீக்கர்ல கேட்டதுமே ஆளு யாருன்னு புரிஞ்சுது. இங்க மூஞ்சிய வச்சுக்கிட்டு நின்னா எப்படி வரும், அதான்." சந்தேகப்பட வேறு எதுவும் மிச்சமில்லை, அதுவே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. செயலாளர் தீர்மான நோட்டைக் கையெழுத்துக்கு நீட்டினார். மோட்டார் அறைச் சாவி இனி வாட்ச்மேனிடம் மட்டுமே இருக்கும் என்று எழுதியிருந்தார். பேனாவை வாங்கினேன். வாட்ச்மேன் என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினேன்: வேடியப்பன், அரூர்.